மீன் வளர்ப்புக் கல்வியின் வரலாறும் நம் மலைநாடும்

பெரக்கரை நாட்டினராகிய நம்மவர்க்கு மீன் என்றவுடன் நினைவிற்கு வருவது ஐயாற்று மீனேயாம். வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் திருக்கோயிலின் அருகே ஓடும் அவ்வாற்று மீன்களைப் பிடிப்பாரிலர். வழிபட வருவோர் அவற்றிற்கு உணவிட்டு மீள்கின்றனர். அறுத்துச் சமைத்த மீன்கள் இறைவனருளால் மீண்டும் பொருந்தி உயிர்பெற்றுத் துள்ளின என்பது செவிவழி வந்த வரலாறு. ஆதலின் மீனைப் பேணுதல் கொல்லிமலையார்க்குப் புதிதன்று. குளத்தில் வளர்த்து உணவிற்கும் பொருளீட்டத்திற்கும் கொள்ளுதலே புதிது. அத்தொழில் ஆராய்ச்சியும் பயிற்சியும் உடைய ஒரு கல்வியாக வளர்ந்தவாற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

பண்டைத் தமிழ்க் கல்வெட்டுக்களில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னுஞ் சொற்கள் பயில்கின்றன. அவை ஏரி குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய இறையைக் குறிப்பன. சில ஊர்களில் அவ்வருவாயைக் கொண்டே ஏரியைத் தூர்வாரினர். ஏரியின் பொருள் ஏரிக்கே சென்ற அவ்வொழுங்கு இக்காலத்தார்க்கு நாணந் தரத்தக்கது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூல் மீனுக்கு இரையிடும் வகைகளையும் விரித்துரைக்கின்றது. ஆயினும் அக்காலத்தார் பெரும்பாலும் வெள்ளங் கொணர்ந்த குஞ்சையே நம்பியிருந்தனர்.

நிற்க. பிற்காலத்து முயற்சி மலையிலேதான் தொடங்கிற்று என்பது நம்மவர் கருதத்தக்கது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே என்பார் 1863இல் சீமையிலிருந்து டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டைகளை நீலகிரிக்குக் கொணர முயன்றார். அது பலிக்கவில்லை. இந்திய மீன்களைப்பற்றிய பெருநூல் செய்தவரும் அவரே. நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்டபின் வில்ஸன் என்பவர் அம்முயற்சியில் வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. தூண்டிலிட்டுப் பொழுதுபோக்கும் துரைமார்களின் இன்பமே அதற்குப் பெருங்காரணம். மலைக்குடிகளின் வயிறு அன்று.

குடிகளின் பக்கம் நோக்கியவர் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கை இயற்றிய அப்பெரியாரே ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மீன்தொழிலை நேரிற் கண்டறிந்தார். 1907இல் சென்னை மாகாணத்து மீன்துறை அவர் தலைமையில் தோன்றிற்று. கடல்மீன், உலர்மீன், குளத்துமீன் ஆகிய யாவும் அதன் ஆராய்ச்சிக்குரியவாயின.

எனினும் ஓர் இடர்ப்பாடு நெடுங்காலம் தீராதிருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள் குளத்தில் நன்றாகக் கொழுக்கும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடா. மழைக்காலத்து ஆற்றுப்பெருக்கிலேயே இனம்பெருக்குவது அவற்றின் இயல்பு. எனவே வளர்ப்போர் ஆற்றில் வலைவிரித்துக் குஞ்சுகளை அரித்தெடுத்தனர். அவற்றோடு பிற மீனைத் தின்னும் இனத்துக் குஞ்சுகளும் கலந்துவிடும். நெல்லோடு களைவிதையையும் விதைத்த உழவன் நிலையே அவர் நிலை.

இவ்விடரைத் தீர்த்தவர் ஹீராலால் சௌதுரி. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியே முட்டையிடுதலைத் தூண்டுவது. பிரேசில் நாட்டார் 1930களிலேயே இதனை மீன்களிற் பயன்படுத்தினர். சௌதுரியார் 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரிஸாவைச் சார்ந்த அங்குலில், முதிர்ந்த மீனின் தலையினின்றெடுத்த அச்சுரப்பியை அரைத்து வடித்த சாற்றைத் தாய்மீனுக்கு ஊசியால் ஏற்றி, குளத்துநீரிலேயே முட்டையிடச் செய்தார். பெண்மீனுக்கு இருமுறை, ஆண்மீனுக்கு ஒருமுறை என ஏற்றித் துணிக்கூண்டில் விடுவது பின்னர் வழக்கமாயிற்று. முட்டைகள் ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். கலப்பற்ற குஞ்சு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு கிடைக்கலாயிற்று. 2001 முதல் அந்நாளே மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. ஒரு சுரப்பியின் சாறு ஒரு தேசத்தின் குளங்களை நிரப்பிற்று என்றால் மிகையாகாது.

ஆராய்ச்சி நிலையங்களும் பெருகின. 1947இல் கடல்மீனுக்கும் உள்நாட்டு மீனுக்கும் நடுவண் நிலையங்கள் எழுந்தன. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977இலும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இலும் தோன்றின. இவற்றினும் எளிய குடியானவர்க்கு அண்மையிலுள்ளது வேளாண் அறிவியல் நிலையம் என்னும் அமைப்பு. அதன் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. நம் மாவட்டத்துக்குரியது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கின்றது. பட்டம் பெறாதவரும் அத்தகைய நிலையங்களிற் சென்று பயிலலாம்.

இனி நம் மலைக்கு ஏற்றது எது? கொல்லிமலை நீலகிரியளவு உயர்ந்ததன்று; டிரவுட் இங்கு வாழுமென்று எவரேனும் கூறின் நம்பற்க. சாதாக்கெண்டை குளிரையும் ஓரளவு தாங்கும். 1939இல் இலங்கையினின்று நீலகிரிக்கு வந்தது அவ்வினமே. அது தேங்கிய நீரிலேயே நீர்ச்செடிகளின்மேல் முட்டையிடும். ஆண்டுதோறும் குஞ்சு வாங்கக் கீழ்நாட்டிற்கு இறங்கவேண்டிய செலவு குறையும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. இரைதேடிச் சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், மண்கரையையும் அரிக்கும். படிப்படியாய் அமைந்த நம் வயல்களின் மேற்புறத்துக் குளத்துக்கரை உடைந்தால் கீழ்வயல் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. புல் தின்னும் கெண்டையோ 1959இல் ஹாங்காங்கினின்று இந்நாட்டிற்கு வந்தது. தழையும் புல்லும் மிகுந்த நம்மவர்க்கு அதன் இரை எளிது.

மற்றொன்று இவற்றினும் பெரிது. மலையோடைகள் பல ஐயாற்றிற் சென்று கலப்பன. மழைநாளிற் குளம் நிரம்பி வழியின் வளர்ப்பு மீன் ஓடையிற் புகும். புகுந்தபின் அதனை மீட்பது அரிது. வந்தேறிய மீன் பெருகி ஊர்மீன் குறைந்த ஏரிகள் பல. நம் முன்னோர் தொடாது காத்த மீனுக்கு நம் குளத்தால் ஊறு விளைதல் தகாது. ஆதலின் குளம் வெட்டுமுன் வடிகாலுக்குச் சிறுகண் வலையாலாகிய தடுப்பமைத்தலையும், கரையைப் புல்லால் இறுக்குதலையும் பயிற்சியாளரிடம் கேட்டறிதல் வேண்டும். அதன்பின்னரே குஞ்சு வாங்கலாம்.