வன்னிக் கடலின் பார் மீன்கள்: மீன்பிடியும் பாதுகாப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் மாவட்டங்களில் வவுனியாவுக்குக் கடல் இல்லை. கிளிநொச்சியின் மேற்குக் கரை பாக்கு நீரிணைப் பக்கம். முல்லைத்தீவின் கரை வங்காள விரிகுடாவை நோக்கியது. இவ்விரு கடல்களிலும் உள்ள கற்பார்களையும் முருகைக்கற் பார்களையும் அண்டி வாழும் மீன்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் கண்ட மாற்றத்தையும், அவற்றைக் காக்க எடுக்கப்பட்ட முயற்சிகளையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

வாழிடமும் மீன்களும்

கலவாய், விளைமீன், ஓரா, கிளிமீன் ஆகியவை பாரை நம்பி வாழ்பவை. ஓராவின் குஞ்சுகள் கடற்புல் தரைகளில் வளர்கின்றன. கிளிமீன் பாரில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதால் புதிய முருகைகள் ஒட்டி வளர இடம் கிடைக்கிறது. கலவாய் இனங்கள் பல பெண்ணாக முதிர்ந்து, பருத்த பின் ஆணாக மாறுபவை. பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் முதலில் அருகுவது ஆண் மீன்களே. கடலில் கலவாய் மிஞ்சியிருந்தாலும் இனப்பெருக்கம் தளர்ந்துவிடும்.

போருக்கு முன்

தூண்டில், கூடு, கரைவலை, களங்கட்டி ஆகியவையே நெடுங்காலம் இக்கரையின் தொழில்முறைகள். கரைவலைப்பாடுகளுக்கு உரிமையும் முறையும் இருந்தன. முல்லைத்தீவின் கொக்கிளாய், நாயாறு கரைகளுக்குத் தென்பகுதி மீனவர்கள் பருவகாலத்தில் வந்து வாடி அமைப்பது வழக்கம். 1952இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நோர்வே திட்டத்தோடு இந்தியாவில் இயந்திரப் படகு மீன்பிடி ஊக்கம் பெற்றது. 1960களில் இழுவைப் படகுகள் தமிழ்நாட்டுக் கரையில் பெருகின. 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் கடலெல்லையை வரைந்தன. மீன் அந்தக் கோட்டை அறியாது.

போர்க்காலம்

1980களின் நடுப்பகுதி முதல் கடற்றொழில் தடைகள் வடகடலை முடக்கின. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1992இல் கிளிநொச்சிக் கரைக்கு அப்பாலுள்ள இரணைதீவின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவின் உயிர்களையும் படகுகளையும் வாரிச் சென்றது. உள்ளூர்ப் படகுகள் ஓய்ந்த இடத்தில் மீன்வளம் மீண்டிருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். பாக்கு நீரிணையில் நடந்தது வேறு. ஆளில்லாக் கடலுக்குள் தமிழகத்து இழுவைப் படகுகள் நுழைந்தன. இழுவைமடியின் வாயை விரிக்கும் இரு பலகைகள் கடலடியை உழுதுகொண்டே போகும். கடற்புல் வேரோடு பெயரும். கிளறிய சேறு முருகையின் மேல் படியும். காப்பாரற்ற கடலைக் காக்கப்பட்ட கடல் எனக் கொள்ள முடியாது என்பதை வன்னியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

2009இன் பின்

மீளக்குடியேறியவர்கள் சிறு கண்ணாடியிழைப் படகுகளோடு மீண்டும் தொழிலுக்கு இறங்கினர். திங்கள், புதன், சனி இரவுகளில் இழுவைப் படகுகள் வருவதால், வலை அறுபடும் என்று அஞ்சி அந்நாட்களில் பலர் கடலுக்குப் போவதில்லை. முல்லைத்தீவில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தல், சுருக்குவலை, டைனமைற் ஆகியவை பெரும் முறைப்பாடுகளாயின. 2018 ஓகஸ்டில் மீனவர்கள் இவற்றுக்கு எதிராக வீதிக்கு இறங்கினர். டைனமைற் வெடிக்கும் இடத்தில் மீனோடு முருகையும் நொறுங்குகிறது. உடைந்த துண்டுகள் அலையில் உருண்டுகொண்டிருக்கும் வரை புதிய முருகை வேர்கொள்ளாது. பாரில் சிக்கிக் கைவிடப்பட்ட தங்கூசி வலை உக்காமல் கிடந்து, எடுப்பாரின்றியே மீனைக் கொல்கிறது. இவற்றுடன் கடல் சூடேறி முருகைகள் வெளிறும் ஆபத்தும் சேர்ந்தது. 1998, 2016 ஆண்டுகளில் இலங்கையின் பல பார்கள் வெளிறின.

பாதுகாப்பு

சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாயின. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இவை நீர்ப்பறவைகளையும் களப்புகளையும் முன்னிறுத்தியவை. வெளிக்கடல் பார்களுக்காக எழுந்தவை அல்ல. கடலடிக்குக் கிடைத்த பெரிய சட்டக் காப்பு, அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்து 2017 ஜூலையில் நிறைவேறிய இழுவைமடித் தடை. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் பலமடங்கு உயர்த்தப்பட்டது. எதிர்க்கரையான தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின.

தடை மட்டும் போதாது என்பதற்குப் பிற நாடுகளின் அனுபவம் சான்று. பிலிப்பைன்சின் அப்போ தீவில் 1982இல் ஊராரே சிலிமன் பல்கலைக்கழகத்தின் துணையோடு பாரின் ஒரு பகுதியை மீன்பிடிக்கு மூடினர். காலப்போக்கில் அங்கே மீன் பெருகி, அண்டைக் கடலின் பிடிப்பும் நன்மை கண்டது. இதேபோல் மீன்பிடிக்கு மூடப்பட்ட மெக்சிக்கோவின் காபோ புல்மோவில் 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கும் மேலாகக் கூடியது. இரு இடங்களிலும் காவல் நின்றவர்கள் அக்கரையில் வாழ்பவர்கள்.

வன்னியில் அத்தகைய காவலுக்கு ஆட்களும் அமைப்பும் உண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் இயங்குகின்றன. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் தாமாகவே படகேறித் தம் தீவுக்குத் திரும்பினர். எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் கலவாய் கூடும் என்பதை அறிந்தவர்கள் இக்கரையின் மீனவர்களே. கரையில் இருக்கும் உரிமையும், பாரை மூடவும் திறக்கவும் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தால்தான் தடைச்சட்டம் கடலடி வரை எட்டும்.