குழந்தையின் இனிஷியலை மாற்ற முடியுமா? அப்பா ஒரு மாநிலம், அம்மா ஒரு மாநிலம் என்றால் எந்த கோர்ட்டுக்குப் போகணும்?

பெங்களூருவில் பிறந்த ஒரு குழந்தை. பர்த் சர்டிபிகேட்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். கணவன், மனைவி பிரிந்த பிறகு அம்மா குழந்தையோடு கோவைக்கு வந்துவிடுகிறார். அப்பா பெங்களூருவிலேயே இருக்கிறார். கோவையில் ஸ்கூல் அட்மிஷன் போடும்போது, "இனி என் இனிஷியலே இருக்கட்டும்" என்று அம்மா நினைக்கிறார். அப்பாவுக்கு அதில் சம்மதம் இல்லை.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் பிரிந்து வாழும் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான். யாருக்கு உரிமை? எந்த ஊர் கோர்ட்? எந்த ஆபீஸ்?

இனிஷியலா, சர்நேமா?

மற்ற பல மாநிலங்களில் சர்நேம் என்பது பரம்பரையாக வரும் குடும்பப் பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்பாவின் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட் மாதிரியான ஆவணங்களில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பாவின் முழுப்பெயராகவே சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். பிரிந்த பெற்றோருக்குள் பிரச்னை பெரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே மாறுவது ஒரு எழுத்து மட்டும் இல்லை, ஒருவரின் பெயரே.

அம்மா தனியாக முடிவு செய்ய முடியுமா?

1956-ம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அப்பா, 'அவருக்குப் பிறகு' அம்மா என்கிறது. 'அவருக்குப் பிறகு' என்றால் அப்பா இறந்த பிறகுதான் என்று அர்த்தம் இல்லை, அப்பா பொறுப்பில் இல்லாத சூழலையும் அது குறிக்கும் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது.

2022 ஜூலை 28-ல் வந்த இன்னொரு தீர்ப்பும் அடிக்கடி பேசப்படுகிறது. கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்த ஒரு தாய், குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயர் வைப்பது என்று தானே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது கணவரை ஆவணங்களில் 'மாற்றாந்தந்தை' என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும் கடுமையாக விமர்சித்து ரத்து செய்தது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த வழக்கில் அப்பா உயிரோடு இல்லை. தாய் மட்டுமே இயற்கைக் காப்பாளர். அப்பா உயிரோடு இருந்து, பார்க்க வந்துகொண்டு, எதிர்ப்பும் தெரிவிக்கிறார் என்றால் அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டி ஆபீஸில் வேலையை முடித்துவிட முடியாது. கோர்ட்டின் அனுமதி தேவைப்படலாம்.

அப்போ அப்பாவின் பெயர்தான் வைக்கணும் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கலாமா? அதுவும் இல்லை. மகளின் ஆவணங்களில் தன் குடும்பப் பெயரே இருக்க வேண்டும் என்று கேட்டு, மனைவியைப் பிரிந்து வாழும் ஒரு தந்தை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மகள் அப்பாவின் உடைமை அல்ல, தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 2021 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நேரம், பள்ளி ஆவணத்தில் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் தன் பெயரைக் காட்டும்படி பள்ளியை அணுக அவருக்கு வழி விட்டது. குழந்தையின் பெயரோடு ஒட்டி வரும் சர்நேம் வேறு, 'தந்தை பெயர்' கட்டம் வேறு.

எந்த ஊர் கோர்ட்?

1890-ம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம்தான் இதற்குப் பதில் சொல்கிறது. எல்லா மதத்தினரும் இந்தச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். இதன் 9-வது பிரிவின்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். கல்யாணம் நடந்த ஊரோ, அப்பா இருக்கும் ஊரோ கணக்கில் இல்லை. குழந்தை கோவையில் தங்கிப் படிக்கிறது என்றால் கோவை குடும்பநல நீதிமன்றம்.

ஆனால் போன வாரம்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றால் அது 'வழக்கமாக வசிக்கும் இடம்' ஆகிவிடாது. எவ்வளவு நாளாக இருக்கிறது, எங்கே படிக்கிறது, என்ன நோக்கத்தோடு வந்தார்கள் என்பதையெல்லாம் கோர்ட் பார்க்கும்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே பெங்களூருவில் நடந்தால்? இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, அந்த வழக்கை விசாரிக்கும் கோர்ட்டே குழந்தையின் பொறுப்பு, படிப்பு, செலவு பற்றி உத்தரவு போடலாம். பெயர் விஷயத்தையும் அங்கேயே எழுப்பலாம். அவ்வளவு தூரம் அலைய முடியாது என்றால், வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றும்படி சிவில் நடைமுறைச் சட்டம் 25-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் மனு போடலாம். ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

குழந்தையின் நலன்தான் கோர்ட்டுக்கு முதல் கேள்வி. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளை என்றால், அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று 17-வது பிரிவு சொல்கிறது.

கோவை கோர்ட் உத்தரவு பெங்களூருவில் செல்லுமா?

செல்லும். ஒரு மாநில நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு நாடு முழுவதும் முழு மதிப்பு தர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 261-வது பிரிவு சொல்கிறது. உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் கையில் இருக்க வேண்டும். வெறும் ஜெராக்ஸ் போதாது.

எந்த ஆவணத்தை எங்கே மாற்றுவது?

பிறப்புச் சான்றிதழ்: எந்த ஊரில் பிறப்பு பதிவானதோ, அந்த ஊர் பதிவாளரிடம்தான் போக வேண்டும். கோவையில் வசித்தாலும் இதற்கு பெங்களூருதான். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு, பதிவில் உள்ள தவறைத் திருத்த மட்டுமே வழி செய்கிறது. பிறந்தபோது சரியாக எழுதிய பெயரை இப்போது மாற்றக் கேட்டால், 'இதில் தவறே இல்லையே' என்று பதிவாளர் மறுக்கலாம். அப்போது கோர்ட் உத்தரவுதான் கைகொடுக்கும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால், இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுவது ஆபத்து.

கெசட்: தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து, பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடலாம். சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். ஆனா கெசட் ஒரு அறிவிப்புதான். அப்பா, அம்மா சண்டையைத் தீர்க்கும் தீர்ப்பு இல்லை. சம்மதமோ உத்தரவோ இல்லாமல் போட்டால், அதையே எதிர்த்து வழக்கு வரலாம்.

ஆதார்: வாழ்நாளில் 2 முறை மட்டுமே பெயரைத் திருத்த முடியும். அதனால் பிறப்புச் சான்றிதழ், கெசட் வேலை முடிந்த பிறகு கடைசியாக ஆதாருக்குப் போவது நல்லது.

பாஸ்போர்ட்: 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் கொடுத்தாலே போதும். ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது, அதற்கான உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அதில் உண்மையை மறைத்தால் பிறகு சிக்கல்.

பள்ளி: 10-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி என்று சிபிஎஸ்இ சான்றிதழ்கள் பற்றிய வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், உரிய ஆவணங்கள் இல்லாமல் எந்த போர்டும் மாற்றித் தராது.

இனிஷியல் மாறினால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

நிற்காது. அம்மாவின் இனிஷியல் வைத்தாலும் அப்பா அப்பாதான். பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவின் கீழ் அப்படியே இருக்கும். சொத்தில் வாரிசு உரிமையும் போகாது. குழந்தையைப் பார்க்க அப்பாவுக்கு கோர்ட் கொடுத்த அனுமதியும் தொடரும். உறவு சட்டப்படி மாறுவது தத்து கொடுத்தால்தான். பெயர் மாற்றமும் தத்தும் ஒன்று இல்லை.

'இனிஷியலை எடுத்துட்டா இனி பணம் தர மாட்டேன்' என்று அப்பா சொன்னாலும், 'இனிஷியலை எடுத்துட்டேன், இனி பார்க்க வராதே' என்று அம்மா சொன்னாலும், இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இல்லை.

சண்டை இல்லாமல் முடிக்க வழி?

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், ஒப்பந்த மனுவிலேயே குழந்தையின் பெயர் எப்படி இருக்கும், எந்த ஆவணத்தை யார் மாற்றுவது, தேவையான இடத்தில் மற்றவர் கையெழுத்து போடுவார் என்று எழுதிக்கொள்ளலாம். கோர்ட் அதைப் பதிவு செய்துவிட்டால் பின்னால் இரண்டு மாநிலத்துக்கும் அலைவது மிச்சம். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டால், குழந்தை பொறுப்பு கேட்கும் மனுவிலேயே பெயர் மாற்ற அனுமதியையும் சேர்த்துக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது.

ஸ்கூலில் ஒரு பெயர், பர்த் சர்டிபிகேட்டில் இன்னொரு பெயர், ஆதாரில் வேறொன்று என்று விட்டுவிட்டால், 17 வயதில் நுழைவுத்தேர்வு ஃபார்ம் நிரப்பும்போது சிக்கிக்கொள்வது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பிள்ளைதான்.