எழுத்தர் காதில் விழுந்த பெயர்: ஓய்வூதிய ஆவணங்களில் ஜெர்மானியக் குடிப்படையினர்

1832ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஓய்வூதியச் சட்டம், விடுதலைப் போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், குடிப்படையில் பணியாற்றியவர்களையும் ஓய்வூதியத்துக்கு உரியவர்களாக ஏற்றுக்கொண்டது. 1777இல் இருபது வயதில் துப்பாக்கி ஏந்திய இளைஞருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. அவர் தம் கவுண்டியின் நீதிமன்றத்துக்குச் சென்று, ஆணையிட்டு, தாம் ஆற்றிய பணியை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். அருகில் அமர்ந்திருப்பவர் அதை எழுதிக்கொள்வார். அந்த முதியவர் பென்சில்வேனியாவிலோ நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கிலோ ஜெர்மன் பேசி வளர்ந்தவர் என்றால், நினைவு ஒரு மொழியில் இருந்தது. ஆவணம் வேறொரு மொழியில் உருவாயிற்று. ஜெர்மானியக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையின் படைப்பணியைத் தேடும்போது கையில் எடுக்கும் முதன்மைச் சான்று இதுவே. இதைப் போர்க்களத்தின் பதிவாக வாசிப்பது பிழை. இது ஒரு முதியவரின் பேச்சு. சட்டம் கேட்ட கேள்விகளுக்கு ஏற்ப வடிவம் பெற்று, வேறொருவர் கையால் எழுத்தானது.

இந்தக் கோப்புகள் இத்தனை முக்கியத்துவம் பெற்றதற்கு ஒரு காரணம் நெருப்பு. 1800 நவம்பர் 8ஆம் நாள் போர்த்துறை அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் தொடக்ககாலப் படை ஆவணங்கள் அழிந்தன. 1814 ஆகஸ்டில் பிரித்தானியப் படை வாஷிங்டன் நகரைக் கொளுத்தியபோது மேலும் சில அழிந்தன. எஞ்சிய பட்டியல்கள் துண்டு துண்டானவை. இதற்கு மாறாக, பிற்காலத்தில் திரண்ட ஓய்வூதிய, நிலமானிய மனுக்கள் ஏறத்தாழ 80,000 கோப்புகளாக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2,670 நுண்படச் சுருள்களில் பதிவான இவை இப்போது மின்வடிவிலும் கிடைக்கின்றன. வீரர் தாமே பெற்றது, கைம்பெண் பெற்றது, நிராகரிக்கப்பட்டது என்னும் மூவகைக்கும் தனித்தனி எழுத்துக்குறிகள் உண்டு. நிராகரிக்கப்பட்ட மனு என்பதால் அது பயனற்றதாகிவிடாது. பணம் கிடைக்காவிட்டாலும் வாக்குமூலம் கோப்பில் தங்கியிருக்கும்.

குடியேற்றத்தின் தடம் இதற்கு முன்பே தொடங்குகிறது. ரைன் நதிக்கரையின் பாலட்டினேட், வூர்ட்டெம்பர்க் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் திரளாக வரத் தொடங்கியதும், பிலடெல்பியாவில் இறங்கும் அயல்நாட்டு ஆண்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 1727இல் வந்தது. அந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹின்கேயும் 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். எழுதத் தெரிந்தவர் தாமே ஒப்பமிட்டார். தெரியாதவர் குறியிட, எழுத்தர் பெயரை எழுதினார். ஆகவே, குடியேறியவரின் பெயர் புதிய நாட்டில் முதன்முதலாக எழுத்தில் ஏறும் இடத்திலேயே இரு கைகள் தென்படுகின்றன. புரட்சி தொடங்கிய காலத்தில் பென்சில்வேனியாவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மானியர் என மதிப்பிடப்படுகிறது.

அவர்கள் எவ்வாறு படைக்கு வந்தனர்? இங்கே கான்டினென்டல் ராணுவத்தையும் குடிப்படையையும் பிரித்தறிய வேண்டும். முன்னது காங்கிரஸின் நேரடிப் படை. ஊதியமும் நீண்ட பணிக்காலமும் கொண்டது. காங்கிரஸ் 1776இல் பென்சில்வேனியா, மேரிலாந்து ஜெர்மானியரைக் கொண்டே ஒரு தனிப் பட்டாலியனை அமைத்தது. குடிப்படையோ மாநிலத்தின் சட்டக் கடமை. 1777 மார்ச் 17ஆம் நாள் பென்சில்வேனியா இயற்றிய சட்டம் 18 முதல் 53 வயதுவரையுள்ள, உடல்வலிமை வாய்ந்த வெள்ளையின ஆண்களைப் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு கம்பெனியும் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. தேவை எழும்போது ஒரு வகுப்பு முறைப்படி அழைக்கப்பட்டு, பொதுவாக இரண்டு மாதம் பணியாற்றித் திரும்பும். போக விரும்பாதவர் மாற்றாளை அனுப்பலாம். இல்லையேல் தண்டத்தொகை செலுத்த வேண்டும். ஆயுதம் ஏந்துவதைச் சமயநெறியால் மறுத்த மென்னோனைட்டுகளும் அவர்களைப் போன்ற பிற குழுவினரும் இந்தத் தண்டத்தொகைச் சுமையைத் தாங்கினர்.

இதிலிருந்து இரு முடிவுகள் பிறக்கின்றன. குடிப்படைப் பட்டியலில் பெயர் இருப்பது கடமைக்கு உட்பட்டவர் என்பதற்கு மட்டுமே சான்று. களம் கண்டவர் என்பதற்குச் சான்றன்று. மாற்றாள் முறை இருந்ததால், அழைக்கப்பட்டவரும் அணியில் நின்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பட்டியல் விடையளிக்காத இந்த ஐயத்துக்கு ஓய்வூதிய வாக்குமூலம் சில வேளைகளில் நேரடி விடை தருகிறது. 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் போர்த்துறை வகுத்த கேள்விகளுள் ஒன்று அதையே கேட்டது: கட்டாயமாக அழைக்கப்பட்டாரா, தாமாக முன்வந்தாரா, மாற்றாளாகச் சென்றாரா? எங்கே, எந்த ஆண்டு பிறந்தார், வயதுக்குப் பதிவு உண்டா, அழைக்கப்பட்டபோது எங்கே வாழ்ந்தார், எந்த அதிகாரிகளை அறிந்திருந்தார், விடுவிப்புச் சீட்டு பெற்றாரா, அவர் வாய்மைக்கு ஊரில் யார் சாட்சி சொல்வார் என்பன பிற கேள்விகள். ஜெர்மன் நாட்டில் பிறந்தவர் முதல் கேள்விக்குத் தம் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னார் என்றால், வேறெந்த அமெரிக்க ஆவணத்திலும் கிடைக்காத செய்தி அந்த ஒரு வரியில் கிடைத்துவிடும்.

சட்டங்களின் வரிசையை அறியாமல் கோப்பின் மௌனத்தைப் பொருள்கொள்ள முடியாது. 1818ஆம் ஆண்டுச் சட்டம் கான்டினென்டல் படையில் குறைந்தது ஒன்பது மாதமோ போர் முடியும்வரையோ பணியாற்றி, வறுமையுற்றவர்களுக்கு மட்டுமே உதவியது. 1820இல் சொத்துப் பட்டியலும் கேட்கப்பட்டது. பசு, கலப்பை, பானை என வீட்டுப் பொருள்கள் விலையோடு அடுக்கப்பட்ட அந்தப் பட்டியல்கள் இன்று சமூக வரலாற்றின் கருவூலம். குடிப்படையினருக்கு 1832இல்தான் கதவு திறந்தது. அதுவும் மொத்தம் ஆறு மாதப் பணி உடையவர்களுக்கு மட்டும். இரண்டு மாத முறை நிலவிய பென்சில்வேனியாவில், இருமுறை மட்டும் சென்றவர் நான்கு மாதக் கணக்கோடு நிராகரிக்கப்பட்டார். கைம்பெண்களுக்கு 1836இலும், 1794 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பு மணந்தவர்களுக்கு 1838இலும் வழி பிறந்தது. 1800இல் இறந்த குடிப்படை வீரருக்குக் கோப்பு இல்லை என்றால், அவர் போருக்குச் செல்லவில்லை என்பது பொருளன்று. சட்டம் வரும்வரை அவர் வாழவில்லை என்பதே பொருள்.

குடும்ப மரபுக் கதையைக் கோப்பு திருத்தும் என்பதற்குக் கான்ராட் ஹேயர் நல்ல சான்று. இன்றைய மேய்ன் மாநிலத்தின் வால்டோபரோவில் ஜெர்மானியக் குடியேறிகளின் ஊரில் 1749இல் பிறந்தவராகச் சொல்லப்படும் இவர், 1852இல் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தால் பெயர்பெற்றவர். வாஷிங்டனோடு டெலவேர் நதியைக் கடந்தவர் என்ற புகழும் அவரோடு ஒட்டிக்கொண்டது. நதி கடக்கப்பட்டது 1776 டிசம்பர் 25ஆம் நாள் இரவு. ஆனால் அவருடைய ஓய்வூதிய வாக்குமூலத்தின்படி, ஓராண்டுப் பணி முடிந்து அந்த மாத நடுவிலேயே நியூயார்க்கின் ஃபிஷ்கில்லில் அவர் விடுவிக்கப்பட்டுவிட்டார். அவர் தம்மைப் பற்றிச் சொல்லாத பெருமையைப் பிறர் சேர்த்திருக்கிறார்கள். கான்டினென்டல் படையில் இருந்ததால் அவர் 1818ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே மனுச் செய்ய முடிந்தது. குடிப்படையில் மட்டும் இருந்த அவர் தலைமுறையினர் மேலும் பதினான்கு ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

கோப்பு இருந்தும் அதைக் கண்டடைய முடியாமற்போவதற்குப் பெரும் காரணம் பெயர். இது எழுத்தரின் கவனக்குறைவு மட்டுமன்று. இதில் ஓர் ஒலியியல் ஒழுங்கு உண்டு. பாலட்டினேட் வட்டார வழக்கில், உதடு குவித்து ஒலிக்கும் முன்னுயிர்கள் குவியாமல் ஒலிக்கும். அதனால் 'ம்யூல்லர்' என்று நூல்வழக்கில் ஒலிக்கும் பெயர் அவர்கள் நாவிலேயே 'மில்லர்' ஆகிவிட்டிருந்தது. ஆங்கில எழுத்தர் அதை மாற்றவில்லை, கேட்டதைத்தான் எழுதினார். அவ்வழக்கில் ஒலிப்புள்ள வெடிப்பொலிகளுக்கும் ஒலிப்பிலா வெடிப்பொலிகளுக்கும் இடையிலான வேறுபாடும் மங்கியது. 'டீல்' என்ற குடும்பப் பெயர் ஆங்கில ஆவணங்களில் 'பல்' என்னும் சொல்லின் ஆங்கில முதலெழுத்தோடும், 'நாய்' என்னும் சொல்லின் ஆங்கில முதலெழுத்தோடும் காணப்படுவது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே வரிவடிவம் கொண்ட தமிழில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. அகரவரிசை அட்டவணையிலோ இரு வடிவங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ளன.

எதிர்த்திசையிலும் இதே ஒழுங்கு செயல்பட்டது. மோஹாக் பள்ளத்தாக்கின் பாலட்டினேட் வழித்தோன்றல்களைக் கொண்ட ட்ரையன் கவுண்டிக் குடிப்படைக்கு நிக்கோலஸ் ஹெர்க்கிமர் தலைவர். 1777 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஒரிஸ்கனிப் போரில் காயமுற்றுப் பத்து நாளில் இறந்தார். அவர் எழுதியதாக வரலாற்று நூல்கள் காட்டும் 1776ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, ஆங்கிலத்தைப் பாலட்டினேட் காதால் கேட்டு எழுதியது. ஒலிப்பிலா எழுத்து வரவேண்டிய இடங்களில் ஒலிப்புள்ள எழுத்து வருகிறது. அதன் அடியில் இருப்பது 'ஹெர்க்கிமர்' அன்று, 'ஹெர்ஹ்ஹைமர்' என்னும் ஜெர்மன் வடிவம். தளபதியின் பெயரே இரு வடிவங்களில் நின்றது என்றால், படைவீரரின் பெயர் எத்தனை வடிவம் பெற்றிருக்கும்!

ஒலிமாற்றத்தோடு மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. தச்சரைக் குறிக்கும் 'ட்ஸிம்மர்மன்' சிலரிடம் 'கார்ப்பென்டர்' ஆயிற்று. ஞானஸ்நானத்தில் 'யோஹான் கியோர்க்' என இரு பெயர் பெற்றவர் வாழ்நாளெல்லாம் 'கியோர்க்' என்றே அழைக்கப்பட்டார். உடன்பிறந்தோர் பலருக்கும் 'யோஹான்' முன்னொட்டாக இருந்திருக்கும். கோவில் பதிவேட்டில் 'யோஹான்' என்று கண்டதும் ஓய்வூதியக் கோப்பில் 'ஜான்' என்பவரைத் தேடுவது வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதாகும்.

எனவே உறுதிப்பாடு பெயரில் இல்லை; பெயரைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. கம்பெனித் தலைவர் யார், எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், சாட்சி சொன்ன அண்டை வீட்டார் யார், மனைவியின் பெயர் என்ன என்பவை வரிப் பட்டியலோடும் லூதரன், ரிஃபார்ம்டு சபைப் பதிவேடுகளோடும் பொருந்த வேண்டும். இங்கே தமிழக வரலாற்றோடு ஓர் உண்மைத் தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கின் பணிக்குப் பின்புலமாக நின்ற ஹாலே நிறுவனமே, 1742இல் பென்சில்வேனியாவுக்கு ஹைன்ரிக் மெல்கியோர் ம்யூலன்பெர்க்கையும் அனுப்பியது. இரு இடங்களிலிருந்தும் சென்ற அறிக்கைகள் ஹாலேயில் அச்சேறின. அத்தகைய போதகர்களின் பதிவேடுகள் இன்று வம்ச ஆய்வின் அடிப்படை. திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டிய கைம்பெண்கள் சிலர், வீட்டு வேதாகமத்தின் குடும்பப் பக்கத்தையும், பறவையும் பூவும் தீட்டிய ஃப்ராக்டூர் சான்றுகளையும் வாஷிங்டனுக்கே அனுப்பினர். குடும்பம் இழந்த அந்தத் தாளைக் காப்பகம் காத்தது.

1889இல் புரட்சியின் மைந்தர் சங்கமும் 1890இல் புரட்சியின் மகளிர் சங்கமும் தோன்றிய பின்னர், படையில் பணியாற்றிய மூதாதை ஒருவர் இருப்பது சமூக மதிப்பாயிற்று. அந்த வேட்கையில் ஒரே பெயருடைய இருவர் ஒருவராக்கப்படுவது எளிது. ஒருவரின் பிறப்பும் இன்னொருவரின் போரும் சேர்ந்து, என்றுமே வாழாத மூன்றாம் மனிதர் உருவாகிவிடுவார். அவருக்குச் சூட்டப்படும் பெருமை, உண்மையில் பணியாற்றியவரிடமிருந்து எடுக்கப்பட்டதாகும்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் சிலவற்றின் அடியில், ஜெர்மன் கையெழுத்து முறையில் ஒரு பெயர் காணப்படுகிறது. மேலே எழுத்தர் எழுதிய வடிவம் வேறு. கீழே முதியவர் இட்டது வேறு. முழுக் கோப்பிலும் அவர் கைப்பட எழுதியது அந்த ஒரு வரிதான். தேடுவோர் ஆவணத்தின் முதல் பக்கத் தலைப்பைவிட அந்தக் கடைசி வரியையே முதலில் பார்ப்பது நல்லது.