குவளைக்குள் ஒரு கிண்ணம்

கொரிய நாட்டிலே 'பொக்தான்ஜு' என்றொரு மது வழங்கி வருகின்றது. 'பொக்தான்' என்பது வெடிகுண்டு. 'ஜு' என்பது மது. பெரிய கண்ணாடிக் குவளையில் பீரை ஊற்றி, விஸ்கியோ சோஜுவோ நிறைந்த சிறு கிண்ணத்தைக் கிண்ணத்தோடு அதனுள் இட்டு, ஒரே மூச்சிற் குடிப்பது இதன் முறை. பெயர் செய்முறைக்கும் பொருந்தும், விளைவுக்கும் பொருந்தும். இதிற் சேரும் ஒவ்வொரு மதுவும் அயலார் படை அந்நாட்டிற் புகுந்த ஒரு காலத்தை நினைவூட்டுவதாகும்.

முதலாவது சோஜு. அரிசியைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்த சாராயமே பழைய சோஜு. 1231-ஆம் ஆண்டில் மங்கோலியர் கொரியாவின்மேற் படையெடுத்தனர். வடிக்கும் கலை அந்நூற்றாண்டில் அவர் வழியே அங்குப் புகுந்தது. அவர்கள் தங்கிய கேசோங், ஆந்தோங், ஜெஜுத் தீவு ஆகியவை பின்னர்ச் சோஜுவுக்குப் பெயர் பெற்றன. கேசோங் நகரத்தார் இதனை 'அராக்ஜு' என்றனர். இச்சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது. 'அரக்' என்றால் வியர்வை என்று பொருள். வடிகலத்தில் ஆவி குளிர்ந்து துளித்துளியாய்ச் சொட்டுவதை வியர்வைக்கு ஒப்பிட்டனர் போலும்! மலாய் மொழியில் மதுவைக் குறிக்கும் 'ஆராக்' என்னும் சொல்லும் இவ்வேரினின்று பிறந்ததே.

இரண்டாவது பீர். 1910 முதல் 1945 வரை கொரியா சப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1933-இல் இரண்டு சப்பானிய நிறுவனங்கள் சியோலை அடுத்த யோங்துங்போவில் பீர் ஆலைகள் நிறுவின. மூன்றாவதாகிய விஸ்கி, 1950-இல் மூண்ட போரின்பின் அமெரிக்கப் படைமுகாம்களினின்று கசிந்து கடைத்தெருவுக்கு வந்தது. போர் முடிந்த பின்னரும் அரிசிப் பஞ்சம் தீரவில்லை. 1965-இல் தானியத்திற் சோஜு வடித்தலை அரசு தடுத்தது. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் தந்த சாராயத்தில் நீர் கலந்த மலிவுச் சோஜு நாடெங்கும் பரவிற்று.

1980-களில், படைத்தலைவர் ஆட்சியின்போது, அதிகாரிகளிடையே பொக்தான்ஜு பெருவழக்காயிற்று. விருந்தின் தலைவர் கலந்து கொடுப்பார். குவளை வரிசையாகச் சுற்றி வரும். குடித்து முடித்தவர் குவளையைக் குலுக்குவார். உள்ளே கிண்ணம் கலகலவென ஒலித்தால் மிச்சமில்லை என்பது பொருள். கணக்கும் எளிதே. நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயமுள்ள விஸ்கி 30 மில்லி லிட்டரும், நாலரைப் பங்குள்ள பீர் 200 மில்லி லிட்டரும் சேர்ந்தால், ஒரு மூச்சில் உட்செல்லும் தூய சாராயம் 21 மில்லி லிட்டர்! பீரின் குளிர்ச்சி விஸ்கியின் காரத்தை மறைத்துவிடுவதால், குடிப்பவர் அதனை உணர்வதில்லை.

எல்லார்க்கும் ஒரே அளவு. ஆதலின் இது சமத்துவம் என்பர் இவ்வழக்கத்தைப் போற்றுவோர். ஆயின், அளவு சமமேயன்றி உரிமை சமமன்று. மூத்தோர் தரும் கிண்ணத்தை இளையோர் இரு கைகளாலும் ஏற்க வேண்டும் என்பது கொரியர் மரபு. மரியாதைக்குரிய அம்மரபு, மறுக்கவொண்ணாக் கட்டளையாகவும் மாறிவிட்டது.

இக்கட்டளைக்கு எதிராக ஒரு பெண் வழக்காடினார். அவர் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் ஓவிய வடிவமைப்பாளர். அலுவலக விருந்துகளில் மேலாளர் தம்மைக் குடிக்குமாறு கட்டாயப்படுத்தினார் என்பது முறையீடு. 2007-இல் சியோல் உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கீழ்ப்பணியாளரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கச் செய்வது மனித மாண்பைக் குலைப்பதாகும் என்று கூறி, இழப்பீடும் வழங்குமாறு பணித்தது. தொழிலிடக் கொடுமையைத் தடுக்கும் சட்டத்திருத்தமும் 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

பல நூற்றாண்டுகளாக அயலார் கொணர்ந்த மதுவையெல்லாம் கொரியர் தமதாக்கிக் கொண்டனர். 'எனக்கு வேண்டா' என்று சொல்லும் உரிமையை மட்டும் தம்மவரிடமே கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. குவளையைக் கவிழ்த்து வைக்கும் அவ்வுரிமையும் அந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியே.