வைன் திட்டத்தின் ஆதி நோக்கம்

ஒரு கருவி எல்லார் கைக்கும் வந்துவிட்ட பிறகு, அதன்மீது ஆட்சி செலுத்துபவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பேயாகும். கணினியின் சரித்திரத்தில் அக்கேள்விக்குத் தனி மனிதர் சிலர் அளித்த விடையொன்றை நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

1990ஆம் ஆண்டையொட்டி மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் இயங்குதளம் அலுவலகங்களில் பெரிதும் பரவிற்று. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் உதவும் மென்பொருள்கள் பல அதற்கென்றே ஆக்கப்பட்டன. ஒரே கடையில் பற்று வைத்துவிட்டவன், அடுத்த கடையில் சரக்கு மலிவாயிருந்தும் அங்குச் செல்ல இயலாது நிற்பதில்லையா? அம்மென்பொருள்களைக் கொண்டே தன் வேலையைச் செய்து வந்தவன் நிலையும் அதுவேயாயிற்று. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991இல் தொடங்கிய லினக்ஸ் விலையின்றியே கிடைத்தது. ஆனால் விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் அதில் ஓடாது.

1993இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாபி என்றொரு சாதனத்தை வெளியிட்டது. யூனிக்ஸ் கணினிகளில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவிப்பது அதன் வேலை. எனினும் அது விலைச் சரக்கு. அன்றியும் விண்டோஸ் 3.1 பிரதியொன்றும் உடன் வேண்டியிருந்தது. அதே ஆண்டில் பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்னும் இருவர், அத்தகையதொன்றை லினக்ஸுக்கென ஆக்க முனைந்தனர். அதுவே வைன். 1994 முதல் அதனைத் தலைமையேற்று நடத்தி வருபவர் அலெக்ஸாண்டர் ஜூலியார்.

அதன் ஆதி நோக்கம் யாது? விண்டோஸ் 3.1க்கு எழுதப்பட்ட 16 பிட் மென்பொருள்களை மாற்றாமல் அப்படியே லினக்ஸில் ஓட்டுவது. அதற்கு விண்டோஸ் பிரதி அவசியமில்லாதபடி செய்வதும் நாளடைவில் இலட்சியமாயிற்று. விண்டோஸ் மென்பொருளின் மூலநிரலையே யூனிக்ஸுக்கேற்பத் தொகுத்துக்கொள்ள உதவும் வைன்லிப் என்பதும் உடன் வளர்ந்தது.

வேலை செய்யும் முறை நுட்பமானது. மென்பொருளின் கட்டளைகளைக் கணினியின் செயலியே நேராக நிறைவேற்றுகிறது. சாளரம் திறக்கவோ கோப்பைப் படிக்கவோ அம்மென்பொருள் விண்டோஸை நாடும்போது மட்டும், வைன் துபாஷியாக நின்று அவ்வேலையை லினக்ஸைக்கொண்டு முடித்துக் கொடுக்கிறது. இன்னொரு இயந்திரமாக அது நடிப்பதில்லை. ஆதலின் "வைன் ஈஸ் நாட் ஆன் எமுலேட்டர்" என்று அதன் பெயருக்குப் பின்னர் விளக்கம் கூறலாயினர். மைக்ரோசாப்டின் மூலநிரலைக் காணாமலே, மென்பொருள் என்ன கேட்கிறது, என்ன பெறுகிறது என்று சோதித்துச் சோதித்தே இவையாவும் எழுதப்பட்டன. இலக்கும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1995இல் விண்டோஸ் 95 வந்ததும் 32 பிட் மென்பொருளுக்காக உழைக்க வேண்டியதாயிற்று. 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் வரை, அஃதாவது 15 ஆண்டுகள், சென்றன.

இடையில் உரிமைப் பிரச்சினை ஒன்றும் எழுந்தது. வைனை எடுத்துத் திருத்தி, அத்திருத்தங்களை மறைத்து விற்கவும் பழைய உரிமம் இடந்தந்தது. 2002இல் அதனை மாற்றினர். வைனைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் பொதுவில் வைக்க வேண்டுமென்பது புது விதி. பலர் உழைப்பில் விளைந்ததைச் சிலர் முடக்கலாகாதென்ற இந்நியாயம் நமக்கு உடன்பாடே.

இம்முயற்சி விண்டோஸுக்கே வலுவூட்டும் என்று கூறுவோரும் உளர். 1992இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/2 விண்டோஸ் மென்பொருளையும் ஓட்டியதால், அதற்கெனத் தனியே எழுதுவோர் குறைந்தனர் என்பது அவர்கள் காட்டும் சான்று. இதனை நாம் அடியோடு தள்ளிவிடவில்லை. ஆயினும், அக்கரை சேர விரும்புபவனிடம் ஓடத்தைப் பறித்துக்கொண்டு நீந்தி வா என்பது நீதியாகுமா?

2018இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்பதை வெளியிட, விண்டோஸ் விளையாட்டுகள் பல லினக்ஸில் ஓடலாயின. 2021இல் வந்த விண்டோஸ் 11 பழைய 16 பிட் மென்பொருள்களை ஓட்டுவதில்லை. வைனோ அவற்றுள் பலவற்றை இன்றும் ஓட்டுகிறது. உடையவன் கைவிட்டதையும் பொதுமக்கள் உழைப்பு காத்து நிற்கிறது. ஆதி நோக்கம் வீண்போகவில்லை.