இறுதிக் கட்டத்தில் திறக்கும் கதவு

1962-இல் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்கு இயந்திரம் என்பதை ஏழு பேர் கொண்ட குழு முடிவு செய்தது. வருமானம், வேலை, படிப்பு எல்லாம் பார்த்துத்தான் உயிர் கொடுத்தார்கள்.

இங்கே அப்படிக் குழு எதுவும் தேவைப்படவில்லை. தாமதமே அந்த வேலையைச் செய்கிறது. 2012-இல் வெளியான இந்திய நாட்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டின் அறிக்கை 52,273 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 48 சதவீதம் பேர் சிறப்பு மருத்துவரிடம் வந்தபோதே ஐந்தாம் நிலையில், அதாவது இறுதிக் கட்டத்தில் இருந்தார்கள். அரசு மருத்துவமனைக்கு வந்தவர்கள் மற்றவர்களைவிட ஏழைகள், வயதிலும் இளையவர்கள். அறிக்கை வருமானத்தைப் பேசுகிறது, சாதியைப் பேசவில்லை.

தாமதத்தின் விலை என்ன? டயாலிசிஸுக்காகக் கையில் வைக்கும் ஃபிஸ்டுலா பக்குவப்பட ஆறு வாரமாவது ஆகும். கடைசி நேரத்தில் வருபவருக்குக் கழுத்தில் குழாய் போடுவார்கள். அதில் கிருமித்தொற்று அபாயம் அதிகம்.

தொழிலாளியின் மருத்துவ உரிமைக்கு நம் வரலாற்றில் ஒரு வேர் உண்டு. அம்பேத்கர் வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943-இல் அதார்க்கரிடம் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் பணி தரப்பட்டது. 1948-இல் இஎஸ்ஐ சட்டம் வந்தது. ஆனால் அமராவதி நகர் தொடங்கித் திருப்பூர் வரை, கான்ட்ராக்டிலும் பீஸ் ரேட்டிலும் உழைக்கும் பலரிடம் இன்றும் இஎஸ்ஐ அட்டை இல்லை. அவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள், கூலி போகும் நாள். கால் வீங்கினால் மருந்துக்கடை மாத்திரையோடு ஷிப்டுக்குப் போகிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் விழுந்தபின் உதவுகிறது. விழாமல் தடுப்பது வேறு வேலை.

அதற்கும் முன்மாதிரி உண்டு. 1990-களின் பிற்பகுதியில் மருத்துவர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்தது. சோதித்தவர்கள் பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் ஆட்கள். கொடுத்தவை மலிவான மாத்திரைகள். ஆண்டுக்கு ஆளுக்கு அரை டாலர்கூட ஆகவில்லை.

தோழர்களே, டயாலிசிஸ் படுக்கை கேட்கும் மனுவோடு நிறுத்தாதீர்கள். காலனிகளிலும் கம்பெனி வாசல்களிலும் சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின் சோதனை கேளுங்கள். சோதனை நாளுக்குக் கூலி கேளுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இஎஸ்ஐ கேளுங்கள். மூன்றும் கிடைத்தால்தான் நம் மக்கள் நேரத்தோடு மருத்துவரைப் பார்க்க முடியும்.