தீவுச் சிறையில் ஒரு நூல்

மாணவ நண்பர்களே, ஒரே நூலைப் பலர் படித்தால் அனைவரும் ஒரே கருத்தைத்தான் பெறவேண்டுமா? வகுப்பறையில் என்னிடம் பன்முறை கேட்கப்பட்ட இவ்வினாவுக்கு வரலாறு ஒரு விடை தருகின்றது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர் பலர் ராபன் தீவுச் சிறையில் அடைபட்டுக் கிடந்தனர். அவருள் 1972-ஆம் ஆண்டில் சிறைப்பட்ட சன்னி வெங்கடரத்தினம் என்பார், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதும் அடங்கிய நூலொன்றை வைத்திருந்தார். காவலர் பறித்துவிடாதபடி அதன் அட்டைமீது தீபாவளி வாழ்த்துப் படங்களை ஒட்டி, சமய நூல் என்று கூறிக் காத்தார். அந்நூல் தோழரிடையே கைமாறியது. தமக்கு உவந்த பகுதியில் ஒப்பமிடுமாறு அவர் வேண்ட, முப்பதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே செய்தனர்.

நெல்சன் மண்டேலா, சாவுக்கு அஞ்சாமையைச் சீசர் பேசும் இடத்தில் 1977 டிசம்பர் 16 அன்று ஒப்பமிட்டார். வால்டர் சிசுலு, தம் இனத்தார் இழிவைப் பொறுத்துவருவதைச் சைலக் எடுத்துரைக்கும் அடிகளைத் தேர்ந்தார். கோவன் எம்பெக்கியோ, காதலுக்கு இசையை வேண்டும் அடிகளைத் தேர்ந்தார். மூவரும் ஒரே இயக்கத்தவர். ஒரே வழக்கில் 1964-இல் ஆயுள் தண்டனை பெற்றவர். ஆயினும் ஒருவர் துணிவையும், ஒருவர் பொறுமையையும், ஒருவர் இனிமையையும் அந்நூலில் கண்டனர்.

ஆகவே, நீங்கள் கூடிப் படிக்குங்கால், தோழன் வேறோர் அடியைச் சுட்டினால் மறுத்துரைக்க விரையாதீர்கள். ஏன் அதனைத் தேர்ந்தான் என்று கேளுங்கள். நூலோடு அவன் உள்ளத்தையும் படித்தவர்களாவீர்கள்.